காதல் பொறாமை: அசைன்மென்ட்டுக்கு எந்தக் கட்டுரையை எடுப்பது?

உளவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அடிக்கடி வருகிற அசைன்மென்ட் ஒன்று உண்டு. காதல் உறவில் வரும் பொறாமை பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது ஸ்காலர்லியா (அதே துறை ஆய்வாளர்கள் மதிப்பாய்வு செய்து வெளிவந்ததா), எம்பிரிக்கலா (எழுதியவர்களே தரவு திரட்டிச் செய்ததா) என்று காரணம் காட்டி எழுத வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, அந்தியூரிலிருந்தும் சென்னிமலையிலிருந்தும் தினம் பஸ் பிடித்துப் போய்வருகிற பிள்ளை இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டால், நாளைக்குத் தன் சொந்த ப்ராஜெக்ட்டில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பது தானாகப் பிடிபட்டுவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வருகிற பிள்ளைகள் கையில் இருப்பது பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கும்: இணையத்தில் கிடைத்த ஒரு மனநல ஆலோசனைப் பத்தி, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற ஏதோ ஒரு ஜர்னலின் பிடிஎஃப், பழைய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்டு கிறிஸ்டின் ஹாரிஸ் 2003-இல் எழுதிய நீண்ட மீளாய்வு, டேவிட் பஸ்ஸும் மூன்று பேரும் 1992-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, அதை எதிர்த்து டெஸ்டெனோ குழு 2002-இல் செய்த சோதனை, ஃபேஸ்புக்கும் பொறாமையும் பற்றி ஏமி மியூஸ் குழு 2009-இல் எழுதிய சிறு கட்டுரை. இவற்றில் எதை எடுப்பது?

முதலில் ஆலோசனைப் பத்தியைத் தள்ளிவிடலாம். எழுதியவர் முனைவர் பட்டம் வாங்கியவராக இருக்கலாம். பத்தி வந்த இடம் 1967-இலிருந்து வெளிவரும் சைக்காலஜி டுடே போன்ற நல்ல பெயருள்ள இதழாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அது பொது வாசகர்களுக்கு எழுதப்பட்டது. ஒரு பதிப்பாசிரியர் படித்துச் சரிசெய்து வெளியிட்டிருப்பார். அதே துறையில் ஆய்வு செய்கிற வேறு இருவர் மூவர் உட்கார்ந்து ஓட்டை தேடியிருக்க மாட்டார்கள். அடியில் மேற்கோள் பட்டியல் இருந்தாலும் அது ஸ்காலர்லி ஆகாது. ஒரே ஒரு வகையில் இது உதவும். "ஒரு புதிய ஆய்வு சொல்கிறது" என்று எழுதியிருந்தால் அந்த ஆய்வின் பெயரைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போய்விடுங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் சிக்குவது இங்கேதான். பிடிஎஃப்பைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மேலே 'இன்டர்நேஷனல் ஜர்னல்' என்று பெயர், ஐஎஸ்எஸ்என் எண், ஜர்னலின் செல்வாக்கைக் காட்டுவதாக 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்று ஏதோ ஒரு தசம எண், சுருக்கம், முன்னுரை, அட்டவணை, முடிவுரை. ஆனால் மாதிரியை, அதாவது தகவல் தந்த ஆட்களைப் பற்றி இருப்பது ஒரே வரி: "நூறு பேரிடம் தற்செயல் முறையில் தகவல் திரட்டப்பட்டது." எந்த ஊர், எந்த வயது, திருமணமானவர்களா, காதலிப்பவர்களா, யார் கேட்டது, எந்த மொழியில் கேட்டது, எதுவும் இருக்காது. பொறாமையை அளக்கப் பயன்படுத்திய கேள்வித் தொகுப்பின், அதாவது அளவுகோலின் பெயர் இருக்காது. இருந்தால் அதைத் தமிழில் மாற்றிய விதம் இருக்காது. கட்டுரை வந்து சேர்ந்த தேதிக்கும் ஏற்கப்பட்ட தேதிக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. இரண்டு நாளில் யார் படித்து, யார் கேள்வி கேட்டு, யார் திருத்தியிருக்க முடியும்?

ஐஎஸ்எஸ்என் எண் தரத்துக்கான முத்திரை என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர். அது ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டுகிற எண், அவ்வளவுதான். ஜோதிட மாத இதழும் அந்த எண்ணை வாங்கலாம். டிஓஐ எண்ணும் அப்படித்தான்: கட்டுரையைத் தேடிப் பிடிக்க உதவும், தரத்துக்குப் பொறுப்பேற்காது.

இந்தியாவில் இந்தத் தொல்லையைக் கட்டுப்படுத்த பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-இல் 'கேர்' என்ற ஜர்னல் பட்டியலைக் கொண்டுவந்தது. அதில் இருக்கும் ஜர்னல்தான் கணக்கில் சேரும் என்ற நிலை சில வருடம் இருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலைக் கைவிடுவதாக யுஜிசியே அறிவித்துவிட்டது. ஜர்னலை எடைபோடும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடமும் ஆசிரியர்களிடமும் வந்திருக்கிறது. ஆகவே "கேர் லிஸ்ட்ல இருக்குதுங்க மேடம்" என்று சொல்லி முடித்துக்கொள்கிற வழி இனி இல்லை. ஜர்னலின் பக்கத்துக்குப் போய் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நிஜமாகவே அந்தத் துறைக்காரர்களா, மதிப்பாய்வு எப்படி நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்களா, ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், சைக்இன்ஃபோ போன்ற தரவுத்தளங்களில் அந்தப் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நல்ல ஜர்னலின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு நடக்கிற போலிகளும் உண்டு.

ஸ்காலர்லியா என்ற கேள்வி இந்த இடத்தோடு முடிகிறது. எம்பிரிக்கலா என்பது முற்றிலும் வேறு கேள்வி, அதற்கு வேறு இடத்தில்தான் பதில் தேட வேண்டும். நல்ல ஜர்னலில் வருகிற எல்லாமே எம்பிரிக்கல் கிடையாது. தலையங்கம் வரும், நூல் மதிப்புரை வரும், கோட்பாட்டு விவாதம் வரும், பழைய ஆய்வுகளின் மீளாய்வு வரும். தரவுத்தளத்தில் 'பியர் ரிவ்யூட்' (துறை ஆய்வாளர்களின் மதிப்பாய்வு உள்ளது) என்ற கட்டத்தை டிக் செய்தால் அந்த ஜர்னலில் வந்த அத்தனையும் பட்டியலில் வந்து நிற்கும், மதிப்புரை உட்பட. "ஜர்னல்ல வந்திருக்குதுங்க மேடம், அப்ப எம்பிரிக்கல்தானுங்களே?" என்று கேட்கிற பிள்ளையிடம், "மெத்தட் பகுதியைக் காட்டு கண்ணு" என்றுதான் சொல்வேன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை மேல் இருக்கிற எழுத்தைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. ஒரு கிழங்கை ஒடித்து உள்நிறம் பார்த்துத்தான் பேசுவார்கள். கட்டுரையில் ஒடித்துப் பார்க்க வேண்டிய இடம் மெத்தட் பகுதி. எழுதியவர்களே ஆட்களிடம் போய்த் தகவல் திரட்டினார்களா, எத்தனை பேரிடம், எப்படி அளந்தார்கள், இன்னொருவர் அதையே திரும்பச் செய்து பார்க்கிற அளவுக்கு எழுதியிருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

இந்தக் கண்ணோடு ஹாரிஸின் 2003 கட்டுரைக்கு வருவோம். வெளிவந்தது 'பர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜி ரிவ்யூ' என்ற ஜர்னலில். ஸ்காலர்லி என்பதில் துளி சந்தேகம் வேண்டாம். ஆண்களுக்கு உடல் சார்ந்த துரோகத்தின் மேல்தான் பொறாமை அதிகம், பெண்களுக்கு மனம் சார்ந்த துரோகத்தின் மேல்தான் அதிகம், இது பரிணாமத்தில் பதிந்த ஏற்பாடு என்று ஒரு கருத்து பரவலாக இருந்தது. அதற்கு ஆதரவாகக் காட்டப்பட்ட சான்றுகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சோதிக்கிறார். கேள்வித்தாள் பதில்கள், உடலில் எடுத்த அளவீடுகள், குடும்ப வன்முறை, கொலை வழக்குகள், நோயாக முற்றிய பொறாமை என்று போகிறது. அந்தக் கருத்தோடு ஒத்துப்போவது கற்பனைச் சூழலில் கேட்கப்பட்ட ஒரே ஒரு வகை அளவீடுதான். நிஜமாகவே துரோகத்தைச் சந்தித்தவர்கள் சொன்னது உட்பட மற்றவை அதை ஆதரிக்கவில்லை என்கிறார்.

சரி, இது எம்பிரிக்கலா? இங்கேதான் ஆசிரியர்களே இரண்டு பிரிவாகிறார்கள். புதிதாக யாரிடமும் கேள்வி கேட்கவில்லை என்பதால் இது மீளாய்வு. ஆனால் பொறாமையால் நடந்த கொலைகள் பற்றிய பழைய தரவுகளைத் திரட்டி, பொதுவாகவே ஆண்கள் செய்யும் கொலைகள் அதிகம் என்பதையும் கணக்கில் எடுத்து, ஒரு மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துப் போடும் கணக்கு) செய்திருக்கிறார். ஆண்களைப் பொறாமை தனியாக, கூடுதலாகக் கொலைக்குத் தூண்டுகிறது என்பதற்கு அந்தக் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை. எண்களை வைத்துச் செய்த புள்ளியியல் வேலை என்பதால் அந்தப் பகுதியை எம்பிரிக்கல் என்று சொல்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. என் கருத்தைக் கேட்டால், முதல்முறை செய்கிற அசைன்மென்ட்டுக்கு இதை எடுக்க வேண்டாம் என்பேன். "பெரும்பகுதி மீளாய்வு, ஒரு பகுதி எம்பிரிக்கல்" என்ற பதிலை நிலைநிறுத்த நிறைய எழுத வேண்டும்; அத்தனையும் எழுதியும் திருத்துகிறவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் எந்தக் கட்டுரையை எடுப்பதாக இருந்தாலும் இதை முதலில் ஒருமுறை புரட்டுங்கள். யார் யாரோடு எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்ற வரைபடம் இதில் கிடைத்துவிடும். அந்த ஜர்னலின் அறிமுகப் பக்கத்தைப் படித்தாலே கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கும் மீளாய்வுகளுக்குமான இடம் அது என்று தெரிந்துவிடும். பெயரின் கடைசிச் சொல்லே அதைச் சொல்கிறது. இந்த ஒரு பார்வையைப் பார்க்காமல் எத்தனையோ பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

அடுத்து பஸ் குழுவின் கட்டுரை. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதப்பட்டு, 1992-இல் 'சைக்காலஜிக்கல் சயின்ஸ்' இதழின் மூன்றாம் தொகுதியில் வந்தது. மொத்தம் ஐந்தே பக்கம், 251-இலிருந்து 255 வரை. அதற்குள் மூன்று தனித்தனி ஆய்வுகள். இத்தனை சிறிய இடத்தில் இத்தனை பெரிய விவாதத்தைக் கிளப்பிய கட்டுரைகள் உளவியலில் குறைவு.

முதல் ஆய்வில் 202 கல்லூரி மாணவர்கள். நீங்கள் ஆழ்ந்து நேசித்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு வேறொருவர் மேல் நாட்டம் வந்துவிட்டது என்று சொல்லி, இரண்டில் எது உங்களை அதிகம் வாட்டும் என்று கேட்டார்கள்: அவர் அந்த இன்னொருவரோடு உடலுறவு கொள்வதா, அந்த இன்னொருவரிடம் மனதைப் பறிகொடுப்பதா? ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்களில் 60 சதவீதம் பேர் முதலாவது என்றார்கள். பெண்களில் 83 சதவீதம் பேர் இரண்டாவது என்றார்கள்.

இரண்டாம் ஆய்வு ஆய்வகத்தில் நடந்தது. 32 ஆண்கள், 23 பெண்கள். விரலில் தோலின் மின்கடத்தலை அளக்கும் கருவி, நாடித்துடிப்பு அளக்கும் கருவி, முகம் சுளிக்கும்போது புருவத்துக்கு மேல் இறுகுகிற தசையின் அசைவைப் பதிவு செய்யும் மின்முனைகள். இவற்றை மாட்டிவிட்டு அதே இரண்டு காட்சிகளையும் மனதில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். வாயால் சொன்னதை உடலும் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். தோலின் மின்கடத்தலில் ஆண்களுக்கு உடலுறவுக் காட்சி அதிகத் தாக்கம் காட்டியது. பெண்களிடம் திசை மாறி இருந்தது. மூன்றாம் ஆய்வில் 309 பேர். ஏற்கெனவே உறவில் இருந்த அனுபவம் பதிலை மாற்றுகிறதா என்பது அங்கே கேள்வி.

எம்பிரிக்கல் என்று நிறுவுவதற்கு இதைவிட எளிதான கட்டுரை கிடைக்காது. கருதுகோள் இருக்கிறது, ஆட்களின் எண்ணிக்கை இருக்கிறது, கருவியின் பெயர் வரை இருக்கிறது. அப்படியானால் இதையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கு இரண்டு தயக்கம் உண்டு. எல்லோரும் இதையே எடுக்கிறார்கள் என்பது ஒன்று. வகுப்பில் பாதிப் பேர் இதையே கொடுத்தால் திருத்துகிறவர் உங்கள் சொந்த வாசிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று பெரியது. இதை எடுத்த பிள்ளைகள் கடைசிப் பத்தியில் பெரும்பாலும் "ஆகவே ஆண்கள் இப்படி, பெண்கள் அப்படி" என்று முடித்துவிடுகிறார்கள். அதே கட்டுரையில் ஆண்களில் 40 சதவீதம் பேர் மனதைப் பறிகொடுப்பதுதான் அதிகம் வாட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. பதில் சொன்னவர்கள் அத்தனை பேரும் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் படித்த இளைஞர்கள். காதலித்துப் பிரிந்து மறுபடி காதலிப்பது சாதாரணமாக இருக்கிற சூழல் அது. பெரியவர்கள் பேசி முடித்து, மாமன் மகளையோ அத்தை மகனையோ கட்டிக்கொண்டு, கூட்டுக் குடும்பத்துக்குள் வாழ்க்கையைத் தொடங்குகிற காங்கேயத்துப் பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 83 சதவீதத்தை அவள் தலையில் வைக்க நமக்கு எந்த உரிமையும் கிடையாது.

டெஸ்டெனோ குழுவின் 2002 கட்டுரை இதற்கு நேர் எதிர்ப் பக்கம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் 'ஜர்னல் ஆஃப் பர்சனாலிட்டி அண்ட் சோஷியல் சைக்காலஜி'யில் வந்தது. எழுதிய நால்வரில் ஒருவர் பீட்டர் சாலோவி. உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை ஜான் மேயரோடு சேர்ந்து 1990-இல் எழுதியவர், பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர். இவர்கள் கேட்டது இதுதான்: பஸ் கண்ட வேறுபாடு மனித மனத்தில் இருக்கிறதா, அல்லது "இரண்டில் ஒன்றைச் சொல்" என்று கேட்ட விதத்தில் இருக்கிறதா? அதே கேள்வியை, ஒவ்வொன்றும் எவ்வளவு வாட்டும் என்று தனித்தனியாக மதிப்பெண் போடும் வடிவில் கேட்டுப் பார்த்தார்கள். ஆண், பெண் இரு சாராருமே உடல் சார்ந்த துரோகத்துக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஒரு எண் வரிசையை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே பதில் சொல்லுங்கள் என்று சிலரிடம் கேட்டார்கள். உட்கார்ந்து யோசிக்க மனதில் இடம் இல்லாதபடி செய்துவிட்டால், உள்ளேயே பதிந்த எதிர்வினை இன்னும் தெளிவாக வெளியே வர வேண்டும் அல்லவா? ஆனால் அந்தச் சுமை ஏறியதும் பெண்களின் பதில் ஆண்களின் பக்கம் சாய்ந்தது. ஆக, சுமை இல்லாதபோது பெண்கள் சொன்ன பதிலில் யோசனையின் பங்கு இருந்திருக்கிறது என்று இவர்கள் வாதிட்டார்கள். படிக்கும்போது என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சோதனை இது. ஒரு கேள்வித்தாளை நம்புவதற்கு முன் அந்தக் கேள்வித்தாளையே சோதிக்கலாம் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கட்டுரை எனக்குத் தெரியவில்லை.

விவாதம் இதோடு முடிந்துவிடவில்லை. பிராட் சாகரின் குழு 2012-இல் ஒரு மெட்டா அனாலிசிஸ் வெளியிட்டு, மதிப்பெண் போடும் வடிவிலும் ஆண் பெண் வேறுபாடு தெரியத்தான் செய்கிறது என்று வாதிட்டது. எனவே டெஸ்டெனோவை எடுப்பவர்கள் "பஸ் தோற்றார்" என்று எழுதிவிடக் கூடாது. கட்டுரை நீளமானது, புள்ளியியலும் கனம். இளங்கலையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளையைத் திணற வைக்கும். முதுகலைக்காரர்களுக்கு, குறிப்பாகப் பஸ்ஸையும் பக்கத்தில் வைத்துச் செமினார் எடுப்பவர்களுக்கு, இதுதான் என் முதல் தேர்வு.

கடைசியாக மியூஸ், கிறிஸ்டோஃபிடிஸ், டெஸ்மரைஸ் மூவரின் 2009 கட்டுரை. தலைப்பைப் பார்த்தால் வாரப் பத்திரிகைக் கட்டுரை போலத்தான் இருக்கும். 'பச்சைக் கண் பூதம்' என்று ஷேக்ஸ்பியர் பொறாமைக்குச் சொன்ன உருவகத்தைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் "இது மேகசின்ங்க மேடம்" என்று ஒதுக்கி வைத்துவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு. தலைப்பு விளையாட்டாக இருப்பதற்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. உளவியல் ஜர்னல்களில் இப்படித் தலைப்பு வைப்பது வழக்கம். வெளிவந்த இடம் 'சைபர்சைக்காலஜி அண்ட் பிஹேவியர்', மதிப்பாய்வு உள்ள ஜர்னல். தேடும்போது ஒன்று கவனியுங்கள். 2010-இலிருந்து அந்த ஜர்னலின் பெயரோடு 'சோஷியல் நெட்வொர்க்கிங்' என்பதும் சேர்ந்துவிட்டது. பழைய பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

மொத்தம் நாலே பக்கம். மெத்தட் பகுதியைத் திறந்தால் எல்லாம் பளிச்சென்று இருக்கும். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 308 இளங்கலை மாணவர்கள், அவர்களில் 231 பெண்கள், 77 ஆண்கள். இணையவழிக் கேள்வித்தாள். ஃபேஸ்புக் பொறாமைக்கென்றே இவர்களாக 27 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் துணை முன்பின் தெரியாத ஓர் எதிர்ப்பாலினத்தவரை நட்புப் பட்டியலில் சேர்த்தால் உங்களுக்குப் பொறாமை வர எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பது போன்ற கேள்விகள். இயல்பிலேயே பொறாமைப்படுகிற குணம், துணை மேல் உள்ள நம்பிக்கை போன்றவற்றின் பங்கைக் கழித்த பிறகும், ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரம் கூடக் கூட அது சார்ந்த பொறாமையும் கூடுவதைப் படிநிலைப் பன்முகத் தொடர்புப்போக்கு என்ற புள்ளியியல் முறையில் காட்டினார்கள்.

குறைகளும் மறைவில் இல்லை. பெண்கள் ஆண்களைப் போல மூன்று மடங்கு. எல்லாம் அவரவர் தம்மைப் பற்றிச் சொன்னது. ஒரே தடவை எடுத்த அளவு என்பதால் ஃபேஸ்புக் பொறாமையைக் கொண்டுவருகிறதா, பொறாமைக்காரர்கள் ஃபேஸ்புக்கிலேயே கிடக்கிறார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம், சந்தேகத்தால் மறுபடி பார்ப்பது என்று ஒரு சுழற்சி இருக்கலாம் என்று கட்டுரையாசிரியர்களும் சொல்கிறார்கள்.

இளங்கலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஸ்காலர்லி, எம்பிரிக்கல் இரண்டையும் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டலாம். ஒரே ஆய்வு, ஒரே மாதிரிக் குழு, ஃபேஸ்புக் பொறாமைக்கு ஒரே அளவுகோல் என்பதால் முழுதாகப் புரிந்துகொண்டு எழுதலாம். தவிர இந்த ஊருக்கும் இது தூரம் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற கணவன் வாட்ஸ்அப்பில் மனைவியின் 'லாஸ்ட் சீன்' நேரத்தைத் திறந்து திறந்து பார்ப்பதும், அதை வைத்து விடியற்காலையில் வீட்டில் சண்டை வருவதும் நம் பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் கண்டு வளர்ந்த விஷயம். ஆப் மாறியிருக்கிறது, கட்டுரை கேட்ட கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கட்டுரையைப் படித்துவிட்டு, "இதையே தமிழ்ல மாத்தி இங்க கேக்கலாமுங்களா மேடம்?" என்று கோபிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். தாராளமாகக் கேட்கலாம். அளவுகோலைப் பயன்படுத்த உருவாக்கியவர்களின் அனுமதியும், மொழிபெயர்த்ததை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையும், கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். பொது அளவுகோல்தான் வேண்டுமென்றால் ஃபைஃபரும் வாங்கும் 1989-இல் உருவாக்கிய பல்பரிமாணப் பொறாமை அளவுகோல் இருக்கிறது. சந்தேக எண்ணம், உணர்ச்சி, துணையின் பையைத் துழாவுவது போன்ற செயல் என்று மூன்று பகுதி, பகுதிக்கு எட்டாக 24 கேள்விகள்.

எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். "இது ஸ்காலர்லி கட்டுரை, ஏனென்றால் நன்றாக ஆய்வு செய்யப்பட்டுள்ளது" என்ற வாக்கியத்துக்கு யாரும் மதிப்பெண் தர மாட்டார்கள். "மதிப்பாய்வு உள்ள ஜர்னலில் வந்தது, மூவரும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 308 பேரிடம் தாங்களே கேள்வித்தாள் வழியாகத் தரவு திரட்டி, முடிவை எண்களில் தந்திருக்கிறார்கள்" என்று கட்டுரையில் இருப்பதைக் கைகாட்டி எழுதுங்கள். குறைகளைச் சொன்னால் கட்டுரையின் தரத்தைக் குறைத்துப் பேசியதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. மாதிரியில் ஆண்கள் குறைவு என்பதால் அது எம்பிரிக்கல் இல்லாமல் போய்விடாது.

இனி கட்டுரையைக் கையில் வாங்குவது. அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் படிப்பவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டம் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் அதில் அடக்கம். பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் போன்ற அரசு நிறுவனங்களில் இருப்பவர்கள் முதலில் அங்கே தேடலாம். கோவையிலும் ஈரோட்டிலும் நம் பிள்ளைகள் பெரும்பாலோர் படிப்பது தனியார் கல்லூரிகளில். இந்தத் திட்டம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஆனால் ஒருவருக்குக் கதவு திறந்திருக்கிறது, இன்னொருவருக்குச் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறது. சுருக்கத்தை மட்டும் வைத்து அசைன்மென்ட் எழுத முயலாதீர்கள். மெத்தட் பகுதி அதில் இருக்காது.

கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தேடி, அடியில் 'ஆல் வெர்ஷன்ஸ்' என்று இருப்பதை அழுத்துங்கள். எழுதியவர்களே தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் பிடிஎஃப் போட்டு வைத்திருந்தால் அங்கே தெரியும். கிடைக்காவிட்டால் நூலகத்தில் சொல்லுங்கள், வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முயல்வோம். அப்புறம், கட்டுரையாசிரியருக்கே மெயில் போடலாம். பயப்பட ஒன்றுமில்லை, தங்கள் கட்டுரையை ஒரு மாணவர் கேட்கிறார் என்றால் அனுப்பிவைக்கிற ஆய்வாளர்கள் நிறைய. நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்தக் கட்டுரை, எதற்கு வேண்டும் என்று நாலு வரி போதும். பதில் வர ஒரு வாரம்கூட ஆகலாம் என்பதால் கடைசி நாளுக்கு முந்தின இரவு அனுப்பாமல் தலைப்பு கொடுத்த அன்றே அனுப்பிவிடுங்கள்.